உப்புக் காற்றும் ஷட்டர் கதவும்



மழைக்காலம் வந்தால் உங்கள் சமையலறை உப்பு ஜாடி என்ன ஆகிறது? நீர் விட்டுக் கசிகிறது அல்லவா? நாமும் நாலு அரிசியைப் போட்டு வைத்துச் சமாளிக்கிறோம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு தானாகவே கரைய ஆரம்பிக்கும். அதுதான் விஷயம்.

ஜாடிக்குள் நடக்கிற அதே கூத்து, வாசலில் நிற்கிற இரும்பு ஷட்டர் மேலும் தினமும் நடக்கிறது. கடல் காற்று கொண்டு வந்து பூசுகிற உப்பு, ராத்திரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. இரும்பு எந்நேரமும் நனைந்தபடியே இருக்கிறது. துரு பிடிக்காமல் என்ன செய்யும்?

எங்கள் கூனிமேட்டில் ஒரு பக்கம் கடல். கொஞ்சம் வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். அந்த உப்பளத்தில் உப்பு வாருகிற பலகையைக்கூட மரத்தில்தான் செய்கிறார்கள், பார்த்திருக்கிறீர்களா? இரும்புக்கு அங்கே ஆயுசு கம்மி என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தாலும் வந்தது, சாலையோரத்தில் திண்ணை வைத்த வீடெல்லாம் திண்ணையை எடுத்துவிட்டு ஷட்டர் போட்டுவிட்டது. மளிகை, தையல், ஜெராக்ஸ், கோழிக்கறி என்று முன்னால் ஒரு கடை. இல்லாவிட்டால் கார், ஸ்கூட்டர் நிறுத்த ஒரு ஷெட். கதவு போட்ட அன்றைக்குச் சாம்பிராணி காட்டுகிறோம். அதோடு சரி. அப்புறம் அதைத் திரும்பிப் பார்ப்பது, அது மக்கர் பண்ணும்போதுதான்.

"ஷட்டரெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்மா" என்று என் மாமியார் சொல்வார். காலையில் தூக்குவதும், ராத்திரி இழுத்துச் சாத்துவதும், அதன் அடியில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும் நாம்தானே? அப்படியானால் நம் சமாசாரம்தான்!

அது எப்படி வேலை செய்கிறது?

ஒரு கடை ஷட்டரின் எடை நம்மில் யாராலும் தனியாகத் தூக்கக் கூடியது அல்ல. ஆனாலும் பள்ளிக்கூடப் பெண்கூட அதைத் தள்ளி ஏற்றிவிடுகிறாள். எப்படி? மேலே பெட்டி மாதிரி ஒரு மூடி இருக்கிறது அல்லவா, அதற்குள் ஒரு குழாய். அந்தக் குழாயில் முறுக்கிய ஸ்பிரிங். ஷட்டரைக் கீழே இழுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. மேலே தள்ளும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பாதிப் பாரத்துக்கு மேல் அதுவே தூக்கிக் கொடுக்கிறது. நாம் கொடுப்பது கொஞ்சம்தான்.

ஆக, ஸ்பிரிங் இருக்கிற வரை அது கதவு. ஸ்பிரிங் போய்விட்டால் அது தலைக்கு மேல் சுருட்டி வைத்த இரும்புப் பாரம். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தையற்கடையில் நடந்தது

எங்கள் தெருவில் ஒரு பெண் தையற்கடை வைத்திருக்கிறாள். இருபத்தாறு வயசு, கைக்குழந்தைக்காரி. வாடகைக் கடை. மூன்று மாதமாகவே, "அக்கா, ஷட்டர் ரொம்பக் கனக்குதுக்கா. சாத்தும்போது தடால்னு விழுது" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்காரரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர், "ரெண்டு சொட்டு எண்ணெய் விடும்மா, சரியாப் போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவளும் பாவம், எண்ணெய் விட்டுப் பார்த்தாள்.

மே மாதக் கடைசி. பள்ளிச் சீருடை தைக்கிற சமயம். தையற்காரர்களுக்கு வருஷத்துச் சம்பாத்தியமே அந்த ஒரு மாதம்தான். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாத்த வந்தவள், கொக்கி எட்டவில்லை என்று தகட்டையே பிடித்து இழுத்திருக்கிறாள். ஷட்டர் ஒரே இறக்கமாக இறங்கிவிட்டது. சுருளிலிருந்து தகடுகள் நிமிரும்போது இரண்டு தகடுக்கும் நடுவே இடுக்கு மூடும் பாருங்கள், அதில் வலது கை விரல் இரண்டு மாட்டிக்கொண்டன.

சத்தம் கேட்டு ஓடினேன். நானும் எதிர் வீட்டு அக்காவுமாகச் சேர்ந்து ஷட்டரைத் தூக்கிக் கையை எடுத்தோம். நடுவிரலில் எலும்பு முறிவு, மோதிர விரலில் நகத்தோடு நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அக்கா, கத்திரிக்கோல் பிடிக்க முடியுமாக்கா?"

மூன்று மாதம் பிடிக்க முடியவில்லை. வாங்கி வைத்த சீருடைத் துணியையெல்லாம் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பட்டறைக்காரத் தம்பி வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு ஸ்பிரிங் துருவில் உடைந்தே கிடக்கிறது. அதை மாற்ற ஆன செலவு, அவள் சீருடைக் காலத்தில் ஒரு வாரம் தைத்தால் கிடைக்கிற பணம். கேட்டபோது என் வயிறு எரிந்தது.

வாடகைக்குக் கடை எடுக்கிற சகோதரிகளே, ஒப்பந்தத்தில் விளக்குக்கும் தண்ணீருக்கும் எழுதிக்கொள்வதுபோல, "ஷட்டர் பழுது யார் பொறுப்பு" என்றும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பழுது என்றால் வாயால் சொல்வதோடு நிற்காமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு அல்ல, நினைவுக்கு!

நோய் வருமுன் நாடி பார்க்கலாம்

ஷட்டர் திடீரென்று கெட்டுப்போவது கொஞ்சம். முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் கெடும். இந்த அறிகுறிகளைப் பாருங்கள்:

முந்தா நாள் வரை ஒரு கையால் ஏறியது, இன்றைக்கு இரண்டு கை கேட்கிறதா? ஒரு பக்கம் தாழ்ந்து கோணலாக இறங்குகிறதா? ஏறும்போது 'டங்' என்று மேலே சத்தமா? கீழ்ப் பட்டியில் துரு அரித்து ஓட்டை விழுந்திருக்கிறதா? பக்கத்துச் சேனல் சுவரிலிருந்து ஆடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு சோதனை. குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஷட்டரை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, ஒதுங்கி நில்லுங்கள். நல்ல ஷட்டர் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். சரசரவென்று கீழே வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தானாக மேலே ஓடினால் முறுக்கு அதிகம். இரண்டும் ஆபத்துதான். சோதிக்கும்போது காலோ கையோ அடியில் இருக்கக் கூடாது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்பிரிங்கில் நாமோ, நம் வீட்டுக்காரரோ, கொழுந்தனாரோ கை வைக்க வேண்டாம். முறுக்கேறிய ஸ்பிரிங்கைத் தெரியாமல் அவிழ்த்தால், கையில் இருக்கிற கம்பி சுழன்று வந்து முகத்தில் அடிக்கும். அது பழகிய பட்டறைக்காரர் வேலை. புதிதாக ஷட்டர் போடுகிறவர்கள், உலோகச் சுருள் கதவுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 6248 என்று ஒன்று இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். "இந்த அம்மாவுக்கு விவரம் தெரியும்" என்று தகட்டின் கனத்திலாவது ஏமாற்றாமல் இருப்பார்கள்!

கடலோரத்துக்கான கைவைத்தியம்

வாரம் ஒரு நாள்: நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஷட்டரைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். உப்பைப் போக்க உப்புத் தண்ணீர் உதவாது. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிற வீடுகளில் குடிதண்ணீரோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்தையாவது மழை கழுவிவிடுகிறது. உள்பக்கத்தை யார் கழுவுவது? அதனால் உள்பக்கம், மேல் மூடி, கீழ்ப்பட்டி மூன்றையும் கூடுதலாகக் கவனியுங்கள். மீன் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றுவது, நாய் ஒன்றுக்குப் போகிற மூலையைச் சும்மா விடுவது, இரண்டும் துருவுக்குப் பந்தி வைப்பது போலத்தான்.

மாதம் ஒரு நாள்: பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சேனலில் இருக்கிற மணலைத் தட்டி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம். பிறகு ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியை எடுத்துச் சேனலின் உள்விளிம்பில் மேலும் கீழும் தேயுங்கள். வழுக்கிக்கொண்டு போகும்! சேனலில் கிரீஸ் தடவாதீர்கள். கடற்கரை மணல் அதில் ஒட்டி, தகட்டை அரம்போல ராவிவிடும். சமையல் எண்ணெயும் வேண்டாம். நாளடைவில் பிசினாக இறுகிவிடும். கிரீஸ் எல்லாம் மேலே குழாய் சுழலுகிற இடத்துக்கு மட்டும். அதையும் ஆள் வரும்போது வைக்கச் சொல்லுங்கள்.

வருஷம் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால்: துருப் பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து (பேரில்தான் உப்பு, பயப்படாதீர்கள்!), தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதன்மேல் எனாமல் இரண்டு கோட் அடியுங்கள். உப்பைத் துடைக்காமல் மேலே பெயிண்ட் அடித்தால் உள்ளுக்குள்ளேயே துரு வளர்ந்து பெயிண்ட் கொப்புளமாகக் கிளம்பும். தகடுகள் சேருகிற இடுக்கில் பெயிண்டைத் தடிமனாக அப்பாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய புதுத் தகட்டில் ரெட் ஆக்சைடு சரியாகப் பிடிக்காது. அதற்கென்று தனிப் பூச்சு இருக்கிறது, கடையில் கேட்டு வாங்குங்கள்.

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்

குழந்தைகளுக்கு ஷட்டர் ஒரு ஊஞ்சல். பிடித்துக்கொண்டு தொங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். ஒரு நாள் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: ஷட்டர் ஓடும்போது மூன்று முழம் தள்ளி நிற்க வேண்டும். பாதி திறந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓடுவது, வாசற்படியில் உட்கார்ந்து விளையாடுவது, இரண்டும் கூடாது. திறந்தால் முழுக்க ஏற்றுங்கள், மூடினால் முழுக்க இறக்குங்கள்.

தள்ளிச் சாத்துகிற இரும்பு கேட் உள்ள வீடுகளிலும் கவனம் வேண்டும். தண்டவாளத்தின் கோடியில் தடுப்புக் கட்டை இல்லாவிட்டால் கேட் நழுவிச் சாய்ந்துவிடும். குழந்தைமேல் கேட் சாய்ந்த செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு 'ஐயோ' என்று சொல்வதைவிட, இன்றைக்கே அந்தக் கட்டை இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

கைப்பிடியையோ கொக்கிக் கம்பியையோ பிடித்துத்தான் இழுக்க வேண்டும், தகட்டை அல்ல. எட்டாவிட்டால் கைப்பிடியில் ஒரு நாடா கட்டிவிடுங்கள். சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள். தூக்கும்போது இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி, நிமிர்ந்தபடி எழுந்து தள்ளுங்கள். கர்ப்பிணிகள், சிசேரியன் ஆன புதுத் தாய்மார்கள், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள் கனமான ஷட்டரைத் தூக்கவே வேண்டாம். "இவ்வளவுதானே" என்று தூக்கிவிட்டு அப்புறம் அவதிப்படுவது நாம்தான்.

விரல் நசுங்கிவிட்டால்: மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வராது. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். துண்டு நேராக ஐஸில் படக்கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். தசைவிறைப்பு நோய் துருவிலிருந்து வருவதாக நினைக்கிறோம். உண்மையில் அது மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமி. ஆழமான காயத்தில் புகுந்துகொள்ளும். எனவே தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மோட்டார் வைத்த வீடுகளுக்கு

இப்போது பட்டன் அழுத்தினால் ஏறி இறங்குகிற ஷட்டரும் வந்துவிட்டது. சௌகரியம்தான். ஆனால் மோட்டாருக்குக் கண் கிடையாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கார் ஷெட் கதவுகளில் குழந்தைகள் சிக்கி இறந்துபோனதால், 1990-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். 1993 ஜனவரி முதல் அங்கே வீடுகளுக்காகத் தயாராகும் தானியங்கி மோட்டாரில், ஏதாவது குறுக்கே வந்தால் கதவு திரும்பி ஏறிவிடுவதோடு, ஒளிக்கண் போன்ற இன்னொரு காவலும் கட்டாயம். நீங்கள் மோட்டார் வாங்கும்போது, "குறுக்கே பிள்ளை வந்தா நிக்குமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பொருத்திய பிறகு ஒரு காலி அட்டைப்பெட்டியை அடியில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். ரிமோட்டைச் சாமி மாடத்துக்கு மேலேயே வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. கரண்ட் போனால் கையால் எப்படித் திறப்பது என்பதை வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள்.

மின்சார ஒயர் ஷட்டரில் உரசிக்கொண்டு போகவே கூடாது. தோல் தேய்ந்தால் ஷட்டர் முழுக்கக் கரண்ட்! ஈரக் காலோடு தொடுகிறவர் கதி என்ன? 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று வீட்டுக்கு அவசியம்.

புயல் வந்தால்

நம் கரைக்குப் புயல் புதிதா என்ன? 2011 டிசம்பர் 30-இல் தானே, 2020 நவம்பர் 25 இரவு நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். எல்லாம் நம் வாசலைத் தட்டிவிட்டுப் போனவைதான்.

அகலமான ஷட்டரைக் காற்று உள்பக்கமாக வளைத்தால் தகடு சேனலை விட்டு வெளியே வந்துவிடும். அப்புறம் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். 1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை ஆண்ட்ரூ புயல் அடித்தபோது, கார் ஷெட் கதவு முதலில் உடைந்து, அதன் வழியாகவே கூரை போன வீடுகள் நிறைய. எனவே புயல் எச்சரிக்கை வந்ததும் உள்பக்கம் இரண்டு மூன்று குறுக்குக் கட்டைகளைச் சுவரோடு சேர்த்து முட்டுக் கொடுங்கள். இதற்கான கொண்டியை முன்கூட்டியே சுவரில் அடித்து வைத்தால் நல்லது. காற்று அடிக்கும்போது ஷட்டருக்குப் பின்னால் யாரும் படுக்க வேண்டாம். ஓய்ந்த பிறகு, அறுந்த ஒயர் எதுவும் ஷட்டர்மேல் கிடக்கவில்லை என்று பார்த்த பின்பே தொடுங்கள்.

இன்னொன்று, இதுதான் உயிர்ப் பிரச்சினை. கரண்ட் இல்லை என்று ஜெனரேட்டரை ஷட்டருக்குள் வைத்து, மழைக்குப் பயந்து ஷட்டரையும் இறக்கிவிடுகிறார்கள். அதன் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஜெனரேட்டர் எப்போதும் வெளியே, ஜன்னலுக்குத் தள்ளித்தான். மூடிய ஷெட்டுக்குள் வண்டி இன்ஜினை ஓடவிடுவதும், கடைக்குள் கரியடுப்புக் கூட்டிப் படுப்பதும் இதே கதைதான். கடைக்குள் யாராவது படுத்தால், உள்ளிருந்து திறக்கிற இன்னொரு வழி கட்டாயம் வேண்டும். தீ பிடித்தால் வெளியே பூட்டிய ஷட்டர் சிறைதான்.

தையற்காரப் பெண் மறுபடி கடை திறந்துவிட்டாள். விரல் நுனி இல்லாவிட்டாலும் காஜா எடுப்பதில் பழைய அழகு வந்துவிட்டது. வருகிற பெண்களிடமெல்லாம், "உங்க வீட்டு ஷட்டரைப் பாத்தீங்களாக்கா?" என்று அவளே கேட்கிறாள். நான் எழுதியதைவிட அவள் கேட்பதில்தான் பலம் அதிகம் என்று நினைக்கிறேன்.

சரி, உலை கொதிக்கிறது. உங்கள் ஊரில் வாசற்கதவைப் பாதுகாக்க என்ன கைமுறை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் ஈரக்காற்றில் அரிசி, பருப்பு வண்டு பிடிக்காமல் காப்பது பற்றிப் பேசலாம்.

வரட்டுமா?